தினையளவு பொருக்குகள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பூனையின் ஒவ்வாமையைக் கண்டறியும் வழி

ஒவ்வாமை உள்ள பூனையின் நிலையைக் கண்ணுக்கு முன்பாக விரல்தான் அறியும். தடவிக்கொடுக்கும்போது முதுகெலும்பை ஒட்டி, வாலின் அடிப்பகுதிக்குச் சற்று முன்னால், முடிக்குள் சிறுசிறு மணிகள் நெருடும்; முடியை விலக்கிப் பார்த்தால் அவை உலர்ந்த பொருக்குகள் என்பது தெரியும். கால்நடை மருத்துவத்தில் இதற்கு ‘மிலியரி டெர்மடைட்டிஸ்’ என்று பெயர். ‘மிலியம்’ என்பது சிறுதானியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். சாமையும் தினையும் விளையும் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை. மெல்லிய துணிக்கு அடியில் சாமையைப் பரப்பி மேலே விரலை ஓட்டினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும்.

இந்த நெருடலை உணர்ந்ததும் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘சொறி பிடித்துவிட்டது’ என்று பூனையை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இல்லையென்றால் ‘அலர்ஜிதான்’ என்று ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முதலாவது இரக்கமற்றது, இரண்டாவது அவசரமானது. உடலுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதித் தாக்குவதே ஒவ்வாமை. அந்தப் பொருள் எது என்பதைப் பூனையின் தோல் தானாகச் சொல்லாது. ஒவ்வொரு ஐயத்தையும் வரிசையாக விலக்கிக்கொண்டு வந்து, கடைசியில் எஞ்சுவதைத்தான் காரணம் என்று கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் நீளும் இந்த வேலையில் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதல்ல, வீட்டில் நடப்பது.

தோல் காட்டும் நான்கு முகங்கள்

நாய்க்கு அரித்தால் தெருவுக்கே தெரியும். பூனையோ பரண் மேலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு, சொரிவதற்குப் பதிலாக நக்கிக்கொண்டிருக்கும். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் இருப்பதால், நக்கும் இடத்தில் முடி ஒட்ட வெட்டியதுபோல் ஆகிவிடும். ‘முடி கொட்டுகிறது’ என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் பூனை நக்கி எடுத்த முடிதான். மருத்துவர் அந்த இடத்து முடிகள் சிலவற்றைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால், நுனி முறிந்திருப்பது தெரிந்துவிடும். தானாக உதிரும் முடியின் நுனி கூர்மையாக, முழுமையாக இருக்கும்.

மேலே சொன்ன பொருக்குகள் ஒருவகை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் இருபுறமும் சமமாக முடி போவது இரண்டாவது வகை. தலையிலும் கழுத்திலும் பின்னங்கால் நகத்தால் கீறிப் புண்ணாக்கிக்கொள்வது மூன்றாவது. மேல் உதட்டில் வலியில்லாததுபோல் தோன்றும் பள்ளமான புண், வயிற்றில் சிவந்து மேடிட்டு ஈரம் கசியும் திட்டு, பின்தொடையில் கயிறுபோல் நீளும் தடிப்பு ஆகியவை நான்காவது. ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அங்கே குவிவதால் இவை உண்டாகின்றன. ஒரே பூனையிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம். இடுப்புப் பகுதி என்றால் பூச்சிக்கடி, முகமும் கழுத்தும் என்றால் உணவு என்று ஒரு குறிப்பு உண்டு என்றாலும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

வயிற்று முடியை நக்கியே இழக்கும் பூனைக்கு ‘மனவருத்தம்’ என்று சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தத்தால் நக்குவதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தபோது 16 பூனைகளுக்கு உடல் சார்ந்த காரணமே இருந்தது. மனம் மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டுதான். ஆகவே பூனைக்குத் துயரம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அதற்கு அரிப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒவ்வாமையைப்போல் தோன்றும் வேறு நோய்களையும் முதலிலேயே ஒதுக்கியாக வேண்டும். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். வீட்டில் குழந்தையின் கையிலோ கழுத்திலோ வட்டமான தடிப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்வது ஓர் அடையாளம் என்றாலும் எல்லாப் படர்தாமரையும் ஒளிர்வதில்லை. காது விளிம்பில் தொடங்கி முகத்துக்கும் முன்பாதத்துக்கும் பரவும் தடித்த சாம்பல்நிறப் பொருக்கு, நோட்டோயெட்ரிஸ் என்னும் நுண்பூச்சி தரும் சொறி. இது ஒரு பூனையிடமிருந்து மற்றப் பூனைகளுக்கு வேகமாகப் பரவும். காதுக்குள் காப்பித்தூள்போல் கறுத்த அழுக்கு நிறைந்திருந்தால் காதுப்பூச்சி. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யாமல் ‘ஒவ்வாமை’ என்ற சொல்லுக்குத் தாவக் கூடாது.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிளகு. ஏற்காட்டில் அக்கா வீட்டுக் காப்பித் தோட்டத்துக் கிடங்கில் பிறந்து, குட்டியாகச் சேலத்து அம்மாப்பேட்டைக்கு வந்த கறுப்புப் பூனை. அதன் இடுப்பில் பொருக்கு கண்டபோது, ‘பூச்சி எதுவும் இல்லையே’ என்று நான் உறுதியாகச் சொன்னேன். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் நேரும் பிழைதான் அது. தெள்ளுக்கடி ஒவ்வாமை உள்ள பூனை ஓயாமல் நக்குவதால் பூச்சிகளை விழுங்கிவிடுகிறது. ஒவ்வாமை கூடக்கூட நம் கண்ணில் படும் பூச்சி குறைந்துகொண்டே போகும். இந்தப் பூச்சியின் உமிழ்நீரில் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுவதால், ஓரிரு கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதுமானவை.

பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுவது எளிது. பேன் சீப்பால் வாலின் அடியிலிருந்து முதுகுவரை வாரி, சீப்பில் வருவதை ஈரமாக்கிய வெள்ளைத் தாளில் தட்ட வேண்டும். மண் துகள் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் கறுப்புப் புள்ளியைச் சுற்றிச் செங்காவி நிற வளையம் விரியும். அது பூனையின் செரித்த இரத்தம். மிளகின் கரிய முடியில் ஒன்றும் தெரியவில்லை என்று நான் சாதித்துக்கொண்டிருந்த அன்று, தாளில் பதினோரு வளையங்கள் வந்தன. மலத்திலோ வால் அடியிலோ அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பதும் ஒரு சாட்சி. தெள்ளை விழுங்குவதால் வரும் நாடாப்புழுவின் துண்டுகள் அவை.

சேலத்தில் பலரும் பூனை மேல் இருக்கும் எல்லாப் பூச்சியையும் ‘உண்ணி’ என்றே சொல்கிறார்கள். இந்தச் சொல் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக நின்றுவிடுவதில்லை. உண்ணி தோலில் பதிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளு ஓடும், குதிக்கும். ‘உண்ணி மருந்து’ என்று கேட்டால், மாட்டுக்கும் நாய்க்கும் உரிய பெர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் கலந்த நீர்மம் கைக்கு வந்து சேரும். பூனையின் கல்லீரலுக்கு இந்த வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு என்பதால், நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனை இறந்துபோகக்கூடும். பூனைக்கென்றே, அதன் எடைக்கு ஏற்ப மருத்துவர் தரும் சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலின் மேல் விட வேண்டும்.

ஒரு முறை மருந்து விட்டதும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பூனை மேல் காணும் முதிர்ந்த பூச்சிகள் வீட்டில் உள்ள மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்துதான். மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாய், மெத்தை, தரை இடுக்கு, மாடிப்படியின் அடிப்பகுதி என்று பரவிக் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள்வரை இடும். கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. வீட்டில் உள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒரே காலத்தில், குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் மருந்து தந்தால்தான் இந்தச் சங்கிலி அறும். தெள்ளின் புழு காய்ந்த காற்றில் பிழைக்காது என்பதால் சேலத்துச் சித்திரை வெயில் இதில் நமக்குத் துணை. பூனை படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப்போடுவது நல்ல பலன் தரும். குளிர்ச்சியும் ஈரமும் மாறாத ஏற்காட்டு வீடுகளில் இந்த வசதி கிடையாது. அங்கே சொட்டு மருந்தையே ஆண்டு முழுவதும் நம்ப வேண்டியிருக்கும்.

ஊசி தரும் நிம்மதி

மிளகை முதலில் காட்டிய இடத்தில் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டார்கள். மூன்று நாளில் அரிப்பு நின்றது, ஐந்து வாரத்தில் திரும்ப வந்தது, மறுபடி ஊசி. நான்காவது ஊசிக்குப் பிறகுதான், ஒவ்வொரு ஊசியும் நோயைத் தீர்க்கவில்லை, நோயின் தடயத்தை அழிக்கிறது என்பது எனக்கு உறைத்தது. ஸ்டீராய்டு எந்த ஒவ்வாமையையும் அடக்கும். ஆகவே அது வேலை செய்வதை வைத்துக் காரணத்தை அறிய முடியாது. அடிக்கடி போடப்படும் ஊசி பூனைக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவரக்கூடும். உள்ளுக்குள் இதயக் கோளாறு உள்ள பூனைக்கு அது ஆபத்து. ஸ்டீராய்டே கூடாது என்பதல்ல என் கருத்து. புண்ணாகித் துடிக்கும் பூனைக்கு அது கருணை. வாய்வழியாகத் தரும் பிரெட்னிசோலோனைத் தினமும் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஒன்றுவிட்ட நாளுக்குக் கொண்டுவருவது, தேவைக்கேற்ப அளவைக் குறைத்து நிறுத்தக்கூடியது என்பதால், உடலில் வாரக்கணக்கில் தங்கும் ஊசியைவிடப் பாதுகாப்பானது. நெடுநாள் மருந்து தேவைப்படும் பூனைகளுக்கு, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் உண்டு; அதன் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

கைவைத்தியம் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது, தரைக்குப் பினாயில் ஊற்றி ஈரம் காய்வதற்குள் பூனையை நடக்க விடுவது ஆகிய மூன்றும் எங்கள் தெருவில் சாதாரணம். பூனையின் உடலில் படுவதெல்லாம் சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. கற்பூரமும் பினாயிலும் அதற்கு நஞ்சு. எண்ணெய் வகைகளும் வேண்டாம். உடம்பு சுடுகிறது என்று கொடுக்கும் பாதி பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

மீனும் கோழியும்

தெள்ளை முற்றிலும் ஒழித்த பிறகும் அரிப்பு தொடர்ந்தால், அதுவும் பருவம் பாராமல் ஆண்டு முழுவதும் தொடர்ந்தால், கூடவே வாந்தியோ இளக்கமான மலமோ இருந்தால், உணவின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். பூனைகளில் ஒவ்வாமை தருபவையாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை. அவற்றில் கெட்டுப்போன குணம் ஏதும் இல்லை. எதை அதிகம் உண்கிறதோ அதற்குத்தான் ஒவ்வாமை வரும். மேட்டூர் ஜிலேபி மீனின் தலையும் கோழிக்கழிவும் கருவாடுமாக வளரும் சேலத்துப் பூனைக்கு, சந்தேகப் பட்டியலில் மீனும் கோழியும் முன்னே நிற்கும். பால்சோறு தின்று வயிற்றுப்போக்கு வருவது வேறு கதை: வளர்ந்த பூனைக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை, அவ்வளவே, அது ஒவ்வாமை ஆகாது.

உணவு ஒவ்வாமைக்கு நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. பரிசோதனைச் சீட்டு நீளமாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நலமான பூனைக்கும் அதில் ‘ஒவ்வாமை’ என்று வரும். எட்டு வாரங்களுக்கு, அந்தப் பூனை இதற்குமுன் தின்றே இராத ஒரே புரதத்தை மட்டும் தருவது, அல்லது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவைத் தருவது ஒன்றே வழி. மிளகுக்கு முயல் கறியை வேகவைத்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் கொடுத்தோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டு கூடாது. கடையில் வாங்கும் உலர் தீனியின் முன்பக்கத்தில் ‘ஆட்டுக்கறிச் சுவை’ என்று இருந்தாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் கோழி இருக்கும். படிக்காமல் வாங்கினால் எட்டு வாரமும் வீண்.

இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான். ஐந்தாவது வாரத்தில் மிளகின் கழுத்தில் திடீரெனக் கீறல்கள் கண்டு விசாரித்தபோது, பக்கத்து வீட்டு அத்தை சற்றும் தயங்காமல், “வாயில்லா ஜீவன் கண்ணு, வந்து காலைச் சுத்துது, ஒரு துண்டு மீன் போட்டா என்ன ஆயிடும்?” என்றார். அவர் போட்டது அன்புதான். ஆனால் கணக்கு மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கியது. வீட்டுக்குள் அடைத்து வைக்க முடியாத பூனைக்கு இந்தச் சோதனையைத் தொடங்குவதில் பொருளில்லை. தொடங்கும்போதும் புதிய உணவை ஒரு வாரம் பழையதோடு கலந்து பழக்க வேண்டும். ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடுவது பூனை விஷயத்தில் ஆபத்து. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனையின், குறிப்பாகப் பருமனான பூனையின், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே கேடாகலாம்.

அரிப்பு நின்றதும் பெரும்பாலோர் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். உண்மையில் சான்று இனிமேல்தான் கிடைக்கும். பழைய உணவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு காரணம் என்று சொல்லலாம். நலமாகிவிட்ட பூனையை வேண்டுமென்றே சொரிய விடுவதற்கு மனம் வராது. ஆனால் இந்தப் படியைச் செய்யாமல் விட்டால், தேவையில்லாத பத்தியத்தை ஆயுள் முழுவதும் நடத்த நேரும். பத்தியம் நீளுமானால் வெறும் இறைச்சி போதாது. டாரின் என்னும் சத்து குறைந்த உணவு பூனையின் கண்ணையும் இதயத் தசையையும் கெடுக்கும் என்பதால், கலவையை மருத்துவரிடம் கேட்டு அமைக்க வேண்டும்.

மலையும் சமவெளியும்

தெள்ளும் இல்லை, உணவும் இல்லை என்றான பிறகு எஞ்சுவது சுற்றுப்புறம். 2021-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கால்நடைத் தோல்நோய் வல்லுநர்கள் பூனையின் ஒவ்வாமை நோய்களுக்கு வரையறை வகுத்தபோதும், சுற்றுப்புற ஒவ்வாமையை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனையைச் சொல்லவில்லை. மற்றவற்றை விலக்கி அடைய வேண்டிய முடிவாகவே அது இருக்கிறது. இரத்தத்திலோ தோலிலோ செய்யும் பரிசோதனை, எந்தப் பொருளுக்கு எதிராகத் தடுப்புச் சிகிச்சை தயாரிப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் உதவும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, ஏறக்குறைய 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்குள் காற்றே மாறிவிடுகிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்சிலந்திகள் நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அவை காய்ந்து மடியும். பனிமூட்டம் நுழையும் ஏற்காட்டு அறைகளில், வெயில் படாத கம்பளிகளிலும் மெத்தைகளிலும் அவற்றுக்கும் பூஞ்சைக்கும் குறைவிருக்காது. பை பிரித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும் உலர் தீனியிலும் இவற்றின் உறவுப் பூச்சிகள் பெருகும்; சிறிய பையாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் பாதி கவலை தீரும். கீழே சேலத்தில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் மகரந்தத்துக்குப் பெயர் போனவை. அம்மாப்பேட்டைத் தறிக்கூடங்களின் பஞ்சுத் தூசும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் புகையும் ஒவ்வாமையைத் தருபவை என்பதைவிட, ஏற்கெனவே உள்ளதைக் கிளறிவிடுபவை என்பதே சரி.

பூனையை மலைக்குக் கொண்டுபோனபோது அரிப்பு குறைந்தது, அல்லது கூடியது என்று பலர் சொல்வார்கள். தேதியோடு எழுதி வைத்திருந்தால் இது பயனுள்ள குறிப்பு. இடம் மாறும்போது உணவும் படுக்கையும் பூச்சியும் கூடவே மாறிவிடுகின்றன என்பதால், தனியாக அதுவே முடிவாகாது. கொசுக்கடிக்கு மட்டும் இந்தச் சோதனை தெளிவான விடை தரும். மூக்குத்தண்டிலும் காது நுனியிலும் முடி போய்ப் புண் வைக்கும் பூனையைக் கொசுவலை அடித்த அறைக்குள் ஒரு வாரம் வைத்திருந்தால், புண் ஆறத் தொடங்கிவிடும். உள்ளூரில் முடிவு எட்டாத நிலையில், 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. போகும்போது ஊசி, மாத்திரை, உணவு பற்றிய தேதிக் குறிப்பேட்டைக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்ததுபோல.

தோலில் காட்டாமல் மூச்சில் காட்டும் பூனைகளும் உண்டு. தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னே நீட்டி, ‘ஹக் ஹக்’ என்று இருமி, கடைசியில் எதுவும் வெளியே வராமல் விழுங்கிக்கொள்ளும் பூனையை ‘முடி உருண்டை கக்கப் பார்க்கிறது’ என்று விட்டுவிடுகிறோம். பலமுறை அது ஆஸ்துமாவாக இருக்கும். அலைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவருக்கு விவரிப்பதைவிட எளிதாகப் புரியும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்தி, தீபாவளிப் புகை மூன்றும் இந்தப் பூனைக்கு எதிரிகள். அந்த நேரங்களில் வேறோர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு நீலம் பாய்ந்தாலோ, மடியில் வைத்துத் தடவிக்கொண்டிராமல் உடனே புறப்பட வேண்டும். நெடுநாள் சிகிச்சைக்கு, மனிதர் பயன்படுத்தும் இன்ஹேலரையே பூனையின் முகத்துக்கேற்ற சிறு முகமூடியும் குழாயும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முதல் வாரம் மருந்தே இல்லாமல், வெறும் முகமூடியைத் தட்டின் அருகே வைத்து, பூனை தானாக மூக்கை அதற்குள் நுழைக்கும்போதெல்லாம் ஒரு துண்டு உணவு தர வேண்டும். அது மிரளாமல் இருக்கும் நாளில் முகமூடியை மூக்கின் மேல் மெல்லப் பொருத்தி, மருந்தை ஒருமுறை அழுத்தி, விலா ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பத்து மூச்சுவரை எண்ணிவிட்டு எடுத்தால் போதும்.